ரூம் போட்டு யோசிப்பவர்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

"இதையெல்லாம் ரூம் போட்டு யோசிப்பீங்களா?" என்று கிண்டலாகக் கேட்கிறோமே, அது கோடம்பாக்கம் நமக்குத் தந்த வாக்கியம். லாட்ஜில் அறை எடுத்து, ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்துக்கொண்டு, நாலைந்து பேர் நாள்கணக்கில் உட்கார்ந்து கதை பேசுவதுதான் ரூம் போடுவது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதையே மாதக்கணக்கில் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘ரைட்டர்ஸ் ரூம்’. நம் ஊர் வெப் சீரிஸ்காரர்களும் இப்போது இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். ‘எழுத்தாளர் அறை’ என்று பெயர்த்துவிட்டுப் போகலாம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்து ‘ஆசிரியர் ஓய்வறை’தான் நினைவுக்கு வருகிறது: பெஞ்ச், மின்விசிறி, மூலையில் தண்ணீர்ப் பானை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ரூம்’ என்றால் வெறும் இடம், வெளி. அதன் உறவான ஜெர்மன் ‘ரவும்’ என்ற சொல்லுக்கு வெளி என்ற பொருள் இன்றும் உண்டு. நாலு சுவர் வைத்த அறை என்ற பொருள் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வேரூன்றியது. ‘ரைட்’ என்ற வினைக்கு மூலப்பொருள் கீறுதல். நம் ‘எழுது’ இதைவிட அழகான இடத்திலிருந்து வருகிறது. தீட்டுதல், வரைதல் என்பதும் அதன் பழம்பொருள். "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்று 1285-ஆம் குறளில் வருவது மை தீட்டுவதைத்தான்.

தொலைக்காட்சிக்காரர்கள் வாயில் ‘ரூம்’ மறுபடி சுவரை விட்டு வெளியே வந்துவிட்டது. "ரூம் சிரிச்சிருச்சு", "ரூமுக்குப் பிடிக்கலை" என்ற பொருளில்தான் அவர்கள் பேசுவார்கள். அங்கே ரூம் என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

1950-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி தொடங்கிய ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் அறையை இதற்கு ஆதி உதாரணமாகச் சொல்வார்கள். சனிக்கிழமை தோறும் ஒன்றரை மணி நேர நேரலை. நாயகன் சிட் சீசர். எழுத்தாளர்கள் மெல் டோல்கின், மெல் புரூக்ஸ், நீல் சைமன் எல்லாரும் ஒரே அறையில் கத்திக்கொண்டிருப்பார்கள். கூடவே இருந்த பெண் லூசில் காலன். தன் குரல் எடுபடாததால், கவனம் இழுக்க மேசை மேல் ஏறிச் சிவப்பு ஸ்வெட்டரை ஆட்ட வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இன்றைய அறையில் கத்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. ஒரு எபிசோடின் கதையை அட்டை அட்டையாகப் பிரிப்பதை அவர்கள் ‘பிரேக்’ என்கிறார்கள். நாம் ‘சீன் பிரிக்கிறது’ என்கிறோம். ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எல்லார் பேச்சையும் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். பிரித்து முடித்ததும் ஒருவரிடம் அந்த எபிசோடைக் கொடுத்து எழுதிவரச் சொல்வார்கள். வந்த பிரதியை அறை மறுபடி கூடி அடித்துத் திருத்தும். முக்கால்வாசி மாறிப்போனாலும் பெரும்பாலும் முதலில் எழுதியவர் பெயரில்தான் அது ஒளிபரப்பாகும். பெயர் விஷயத்தில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அத்தனை கறார். இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘&’ குறி இருந்தால் ஜோடியாக எழுதினார்கள் என்று அர்த்தம். ‘அண்ட்’ என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியாக எழுதினார்கள்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு நிறுவனங்கள் ‘மினி ரூம்’ என்று இரண்டு மூன்று பேரை மட்டும் கொஞ்ச வாரங்களுக்கு அமர்த்தி முடித்துக்கொள்ள ஆரம்பித்தன. 2023-இல் அந்தச் சங்கம் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அதுவும் ஒரு காரணம். முடிவில் வந்த ஒப்பந்தப்படி, அறை வைத்து எழுதப்படும் தொடர் ஏழிலிருந்து பன்னிரண்டு எபிசோட் என்றால் குறைந்தது 5 பேர், பதின்மூன்றோ அதற்கு மேலோ என்றால் 6 பேர் இருக்க வேண்டும். ‘ரூம்’ தலைக்கணக்குள்ள சொல்லாகிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: ‘கதை இலாகா’. சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் டைட்டில் கார்டில் ‘தேவர் பிலிம்ஸ் கதை இலாகா’ என்று வரும். அரபி மூலத்தில் ‘தொடர்பு’ என்று இருந்தது உருதுவில் ஆட்சி எல்லையாகி, தமிழில் அரசுத் துறையாக வந்து உட்கார்ந்த சொல் ‘இலாகா’. காதுக்குக் கம்பீரம்தான். ஆனால் அந்த அட்டையில் யார் பெயரும் இருக்காது. கதை சொன்னவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பதெல்லாம் இலாகாவுக்குள் மறைந்துவிடும்.

இது எனக்குச் சொந்தக் கடுப்பும்கூட. ஒரு தொடருக்கு இரண்டு வருடம் வசனம் எழுதினேன். வடபழனி லாட்ஜ் ஒன்றில் டிஸ்கஷன். ஓடிப்போன மருமகள் உயிரோடு இருப்பது மாமியாருக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதில் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றோம். லெட்டர், போன், கோயில் என்று எல்லாம் பேசியாயிற்று. டீ ஊற்றிக்கொண்டிருந்த உதவி இயக்குநர் தம்பி, "சார், மளிகைக் கடையில பழைய லிஸ்ட் கிழிஞ்சு கிடக்கட்டும் சார். துவரம்பருப்புக்கு ‘து.ப.’னு மருமக மட்டும்தானே சார் எழுதுவா?" என்றான். அந்த வாரம் முழுக்க ஓடியது அந்த லிஸ்ட்தான். வசனம் என்று என் பெயர் வந்தது, திரைக்கதை என்று இன்னொருவர் பெயர் வந்தது. தம்பி பெயர் எங்கேயும் இல்லை.

அதனால் நான் கேட்பது இடத்தையும் ஆட்களையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு சொல். அப்படி ஒன்று இருக்கிறது: அவை. கூடும் மண்டபமும் அவை, கூடியவர்களும் அவை. சமஸ்கிருத ‘சபா’விலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், தமிழ்தான் என்பார் இன்னொரு சாரார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. குறளில் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரம். கூடியிருப்பவர்களின் மனநிலை அறிந்து பேசு என்ற பொருளில் "ரீட் தி ரூம்" என்று இன்று இளைஞர்கள் சொல்வது அப்படியே அவையறிதல்தான். புதிதாக வந்த எழுத்தாளர் சீனியர்கள் முன்னால் தன் யோசனையைச் சொல்லத் துணிவது அவையஞ்சாமை.

ஆக, ரைட்டர்ஸ் ரூம் என்பதற்கு என் பரிந்துரை ‘கதையவை’. ஒரு குறை உண்டு. ‘அவை’ பலவின்பால் சுட்டும் ஆயிற்றே, ‘கதைகள் ஆகிய அவை’ என்று யாராவது படித்துவிடலாம். "கதையவை கூடியது", "கதையவையில் நான்கு பேர்" என்று வாக்கியத்தில் போட்டால் அந்தக் குழப்பம் வராது. பேச்சில் ‘டிஸ்கஷன்’ போகப்போவதில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

இதில் ஒரு வசதி, கூடவே மற்ற சொற்களும் சட்டமன்றத்திலிருந்து தயாராகக் கிடைக்கின்றன. மொத்தப் பொறுப்பும் சுமக்கும் ‘ஷோரன்னர்’ அவை முன்னவர். ஓரமாக உட்கார்ந்து தட்டச்சு செய்பவர் எடுப்பது அவைக்குறிப்பு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் அந்த வேலை பார்த்த ஒரு பெண், எழுத்தாளர்களின் ஆபாசப் பேச்சைத் தாங்க முடியவில்லை என்று வழக்குப் போட்டார். அந்தப் பேச்சு அவரைக் குறிவைத்ததல்ல, காமெடித் தொடர் எழுதும் சூழலில் எழுந்தது என்று சொல்லி 2006-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் சட்டமன்றமாக இருந்தால், "அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறேன்" என்று சபாநாயகர் ஒரே வரியில் முடித்திருப்பார்.