லேண்ட்மார்க்: நிலக்குறியா, வழிக்குறியா?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஒருவரின் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். "ஸ்டோரைத் தாண்டி மாடசாமி கோயிலுக்கு மேல போங்க, பத்தாம் நம்பர் மலையில ஒத்தச் சவுக்கு மரம் நிக்கும், அதுக்குக் கீழ் லயம்" என்பார்கள் (லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு). அந்தக் கோயிலும் மரமும்தான் லேண்ட்மார்க்.

ஆங்கிலத்தில் இது முதலில் காணிக்குக் காணி நட்ட எல்லைக்கல்லைக் குறித்த சொல். கடலோடிகள் கரையில் தெரியும் குன்றையும் கோபுரத்தையும் பார்த்துத் திசை பிடித்ததால், 16ஆம் நூற்றாண்டில் வழிகாட்டும் பொருளும் சேர்ந்தது. தமிழில் 'நிலக்குறி' என்று எழுதுகிறோம். சரி, எல்லைக்கல்லுக்கு அது பொருந்தும். வழி பிடிக்கப் புறா பார்த்துப் பறக்கும் குறிக்கு?

வீடு திரும்பும் புறா தூரத்தில் சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் கொண்டு திசை அறிகிறது. 1970களில் கண்ணுக்கு மங்கல் வில்லை மாட்டி விட்ட புறாக்கள்கூடக் கூட்டுக்குக் கிட்ட வரை வந்துவிட்டன. ஆனால் பழகிய ஊரில் கண்தான் பெரிய துணை. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பப் பறக்கவிட்டபோது, ஒவ்வொரு புறாவும் தனக்கென்று ஒரு பாதை வைத்துக்கொண்டது. அது நேர்ப்பாதைகூட இல்லை. தள்ளி வேறோரிடத்தில் விட்டாலும் தன் பழைய பாதைக்கு வந்து சேர்ந்து, அதிலேயே போனது. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு இறங்கும் அக்காமாரும் அப்படித்தான். பக்கத்தில் தார் ரோடு இருந்தாலும் அவரவருக்கு ஒரு குறுக்கு இருக்கும். ரோம் நகரப் பக்கத்துப் புறாக்கள் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டிப் பறந்ததாக 2004இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

ஆக, புறா பிடித்துக்கொள்வது ஒற்றைக் கோபுரத்தை மட்டுமல்ல. நீண்டு கிடக்கும் தண்டவாளமும் அதற்கு ஒரு குறி. ஓரிடத்தில் நட்ட கல்லை நினைவூட்டும் 'நிலக்குறி' இதைத் தாங்காது. 'வழிக்குறி' தாங்கும்.

'குறி' நமக்குப் புதிதுமல்ல. அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம் பகலென்றால் பகற்குறி, இரவென்றால் இரவுக்குறி. அந்தச் சந்திப்புக்கு உரிய திணையோ குறிஞ்சி. மலைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேச்சில் 'அடையாளம்' போதும், நானும் அதைத்தான் சொல்வேன். எழுத்தில் மட்டும் 'புறாவின் அடையாளம்' என்று போட்டால், அதற்கும் அடையாள அட்டை எடுத்தாச்சா என்று கேட்பார்கள்.