54 சதவீத வாக்கு வாங்கியும் எதிர்க்கட்சி வரிசையில்

1962 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. லேபர் கட்சிக்கு ஏறக்குறைய 54 சதவீத வாக்கு விழுந்தது. ஆனாலும் முதல்வராகத் தொடர்ந்தவர் லிபரல் அண்ட் கன்ட்ரி லீகின் தாமஸ் பிளேஃபோர்டுதான். 39 இடங்களில் லேபருக்கு 19, லீகுக்கு 18. மீதி இரண்டு சுயேச்சைகளும் பிளேஃபோர்டு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்களை விடுங்கள், பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய கட்சி ஏன் 19 இடத்தில் நின்றது?

கள்ள ஓட்டு எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படி, 1936-இல் கொண்டுவந்த சட்டப்படி. மாநில மக்களில் பெரும்பான்மையோர் தலைநகர் அடிலெய்டில்தான் இருந்தார்கள். ஆனால் நகரத்துக்கு 13 தொகுதி, கிராமப்புறத்துக்கு 26 என்று அந்தச் சட்டம் பிரித்துவைத்தது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நகரத்தில் 3,000 பேருக்கு ஒரு தொகுதி, கிராமத்தில் 1,000 பேருக்கு ஒன்று வீதம் இரண்டு. லேபரைப் போல நகரத்தில் பலமான ஒரு கட்சி அங்கே 2,400 வாக்கும், கிராமத் தொகுதிகளில் தலா 450 வாக்கும் வாங்குகிறது என்று வையுங்கள். மொத்தம் 5,000-இல் 3,300, அதாவது 66 சதவீதம். கிடைப்பதோ மூன்றில் ஒரே இடம்! நகரத்தில் ஜெயிக்க 1,501 வாக்கு போதும். மிச்சம் 899 வாக்குக்கு அங்கே வேலையே இல்லை.

தொகுதியின் எல்லையை வளைத்து நெளித்து வரைவதைக் கெரிமாண்டர் என்பார்கள். இது வேறு. இங்கே கோணல் எல்லைக்கோட்டில் இல்லை, தலைக்கணக்கில் இருந்தது. ஆனாலும் பிளேஃபோர்டு பெயரைக் கெரிமாண்டரோடு ஒட்டி இதற்கு 'பிளேமாண்டர்' என்று பெயர் வைத்தார்கள். பாவம் பிளேஃபோர்டு, சட்டம் வந்தது அவருக்கு முன்பிருந்த பட்லர் ஆட்சியில். ஆனால் அதன் நிழலில் 26 ஆண்டு முதல்வராக இருந்தவர் அவர்தான்.

காலம் போகப் போக ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகியது. 1968-இல் ஃப்ரோம் என்ற கிராமத் தொகுதியில் செல்லுபடியான வாக்குகள் சுமார் 4,500. நகரத்து என்ஃபீல்டில் சுமார் 42,000.

கோட்டையில் விரிசல் விட்டதற்கும் மக்கள் பெருக்கம்தான் ஒரு காரணம். அடிலெய்டின் வடக்குப் புறநகர் வளர்ந்து, கிராமக் கணக்கில் இருந்த பரோசா தொகுதிக்குள் நுழைந்தது. 1965-இல் லேபர் அதைப் பிடித்தது; கிளெனெல்கையும் பிடித்து ஆட்சிக்கு வந்தது. 1968-இல் குறைந்த வாக்கோடு மறுபடி ஆட்சியைப் பெற்ற லீகின் ஸ்டீல் ஹாலுக்கே இது சங்கடமாகிவிட்டது. தொகுதிகளை 47 ஆக்கி, நகரத்துக்கு 28 கொடுத்தார். அப்புறம் வந்த 1970 தேர்தலில் அவரே தோற்றார்.