இறுதிச் சரக்கிருப்பை என்ன விலைக்கு எழுதுவது? ஐஏஎஸ் 2 விதியும் தேர்வுக் கணக்குகளும்

ஆண்டுக் கடைசியில் விற்காமல் மிஞ்சிய சரக்குக்கு எவ்வளவு மதிப்புப் போடுகிறோமோ, அவ்வளவு செலவு இந்த ஆண்டின் கணக்கிலிருந்து நகர்ந்து அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறது. இருப்பில் 4,000 கூட எழுதினால் லாபமும் 4,000 கூடும். அடுத்த ஆண்டு அதே 4,000 ஆரம்பச் சரக்கிருப்பாக வந்து உட்கார்ந்து லாபத்தைக் குறைக்கும். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முதல் ஆண்டின் லாபத்தை நம்பிக் கடன் கொடுத்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? அதனால்தான் சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கென்று தனியாக ஒரு விதி இருக்கிறது.

சர்வதேச அளவில் அந்த விதியின் பெயர் ஐஏஎஸ் 2, அதாவது சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2. முதலில் 1975-ல் வந்தது, 1993-ல் திருத்தப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003-ல் மறுபடி திருத்தி, 2005 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த வடிவம். இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 2, இலங்கையின் எல்கேஏஎஸ் 2 எல்லாம் இதன் வழி வந்தவைதான். மையமான சட்டம் ஒரே வரி: அடக்கவிலை, நிகரத் தேறுமதிப்பு (விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை), இந்த இரண்டில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு.

இந்த வரியை எல்லா மாணவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கணக்கில் தப்பு வருவது இந்த வரியிலும் இல்லை, கூட்டல் கழித்தலிலும் இல்லை. 'அடக்கவிலை' என்ற சொல்லுக்குள் எதை விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதில்தான் வருகிறது.

எந்தச் செலவு உள்ளே வரும்?

விதி வைக்கும் அளவுகோல் எளியது. பொருளை இப்போதிருக்கும் இடத்துக்கும் இப்போதிருக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு அடக்கவிலையில் சேரும். மற்றது அந்த ஆண்டின் செலவாக லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஒவ்வொரு செலவையும் பார்த்து 'இது இல்லாவிட்டால் பொருள் இங்கே, இந்த நிலையில் வந்திருக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்களை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன், எந்த நாணயத்தையும் பொருத்திக்கொள்ளுங்கள். 500 அலகு வாங்குகிறோம். பட்டியல் விலை அலகுக்கு 40, வியாபாரத் தள்ளுபடி 10 சதவீதம். உள்தூக்குக்கூலி (சரக்கை நம்மிடம் கொண்டுவரும் கூலி) 900. வழிக் காப்பீடு 300. திரும்பக் கிடைக்காத இறக்குமதி வரி 1,380. திரும்பப் பெறக்கூடிய வரி 1,800. கிடங்கு வாடகை 700. வெளித்தூக்குக்கூலி (விற்ற சரக்கை வாங்கியவரிடம் சேர்க்கும் கூலி) 450. வழியில் 10 அலகு கெட்டுப்போவது இயல்பு, அப்படியே கெட்டது.

தள்ளுபடி போக விலை 36, ஆக 18,000. அதோடு 900, 300, 1,380 சேரும். மொத்தம் 20,580. திரும்பக் கிடைக்கும் வரி நம் செலவே அல்ல, அரசிடமிருந்து வரவேண்டிய பணம், அதனால் சேராது. வெளித்தூக்குக்கூலி விற்பனைச் செலவு, சேராது. கிடங்கு வாடகையும் சேராது, பொருள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதே. சரி, 20,580-ஐ எதால் வகுப்பது? 500-ஆல் அல்ல, 490-ஆல். இயல்பான இழப்பு என்பது அந்தப் பொருளை வாங்குவதற்குக் கொடுத்தே ஆகவேண்டிய விலையின் ஒரு பகுதி. நல்ல அலகுகள்தான் அதைச் சுமக்கவேண்டும். அலகுக்கு 42.

அப்புறம் தீப்பிடித்து இன்னும் 20 அலகு போய்விட்டது என்று கேள்வி நீண்டால், அது அசாதாரண இழப்பு. 20 பெருக்கல் 42, அதாவது 840, நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். மீதி 470 அலகும் அதே 42-லேயே நிற்கும், மொத்தம் 19,740. இந்த இடத்தில் 20,580-ஐ 470-ஆல் வகுத்துவிடுவது மிகவும் பரவலான பிழை. தீவிபத்தின் நட்டத்தைப் பிழைத்த சரக்கின் தலையில் ஏற்றி, சொத்து என்று பெயர் வைப்பதாகத்தான் அது முடியும்.

கிடங்குச் செலவுக்கு ஒரு விலக்கு உண்டு. அடுத்த உற்பத்திக் கட்டத்துக்குப் போகும் முன் பொருள் இருப்பில் கிடந்தே ஆகவேண்டும் என்றால் அந்தச் செலவு அடக்கவிலையில் சேரும். அறுத்த மரம் உலர்ந்த பிறகுதான் இழைக்க முடியும் என்றால், உலரும் காலத்தின் கிடங்குச் செலவும் உற்பத்திச் செலவே. முடிந்த மேசையை வாங்க ஆள் வரும்வரை வைத்திருப்பது அப்படியல்ல. கேள்வித்தாளில் 'கிடங்கு' என்ற சொல்லைக் கண்டதும் அடித்துவிடாமல், எந்தக் கட்டத்துக் கிடங்கு என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையான மேற்செலவும் இயல்பான திறனும்

தயாரிக்கும் பொருள் என்றால் நேரடி மூலப்பொருள், நேரடிக் கூலி, மாறும் உற்பத்தி மேற்செலவு (உற்பத்தி அளவோடு ஏறி இறங்கும் மறைமுகச் செலவு) எல்லாம் தகராறில்லாமல் உள்ளே வந்துவிடும். சிக்கல் நிலையான உற்பத்தி மேற்செலவில். ஆலை வாடகை, இயந்திரத் தேய்மானம் போன்றவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் அசையாதவை. அவற்றை உண்மையில் எத்தனை அலகு செய்தோம் என்று பார்த்துப் பிரிப்பதா, சாதாரணமாக எத்தனை செய்வோம் என்று பார்த்துப் பிரிப்பதா?

விதி இரண்டாவதைத்தான் சொல்கிறது. இயல்பான திறன் 20,000 அலகு, நிலையான உற்பத்தி மேற்செலவு 60,000 என்றால் அலகுக்கு 3. இந்த ஆண்டு இயந்திரம் பழுதாகி 15,000 அலகுதான் செய்ய முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விகிதம் 3 தான். 45,000 உற்பத்தியில் ஏறும். ஏறாமல் நின்ற 15,000 இந்த ஆண்டின் செலவு. 60,000-ஐ 15,000-ஆல் வகுத்து 4 என்று எழுதினால் என்ன ஆகும்? கடைசியில் 4,000 அலகு மிஞ்சியிருந்தால், இருப்பில் 12,000-க்குப் பதில் 16,000 மேற்செலவு உட்கார்ந்திருக்கும். ஆலை எவ்வளவுக்கு எவ்வளவு சும்மா கிடந்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு சரக்கின் மதிப்பு கூடும். இந்தக் கோமாளித்தனத்தைத் தடுக்கத்தான் இயல்பான திறன் என்ற நிபந்தனை.

வழக்கத்துக்கு மீறி அதிகம் செய்த ஆண்டில் இதே விதி வேறு பக்கம் திரும்பும். 24,000 அலகு செய்தபோது 3 என்றே வைத்தால் 72,000 ஏறிவிடும், செலவானதோ 60,000 தான். ஆகாத செலவைச் சரக்கில் ஏற்ற முடியாது. அந்த ஆண்டில் மட்டும் விகிதத்தை 2.50-ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. இறுதிநிலை அடக்கவிலை முறையில் நிலையான மேற்செலவு முழுக்க அந்தந்தக் காலத்தின் செலவு. நிர்வாகம் உள்ளுக்குள் முடிவெடுக்க அது அருமையான கருவி. ஆனால் வெளியிடும் நிதிநிலை அறிக்கையில் அந்த மதிப்பை ஐஏஎஸ் 2 ஏற்காது. இதன் லாபத்தையும், நிலையான மேற்செலவைச் சரக்கில் ஏற்றும் முழு அடக்கவிலை முறையின் லாபத்தையும் பொருத்திக் காட்டச் சொன்னால், வித்தியாசம் இருப்பு மாறிய அலகில் இருக்கும். 20,000 செய்து 18,000 விற்றால் 2,000 அலகு கூடியது, அலகுக்கு 3, ஆக 6,000. முழு அடக்கவிலை முறையில் லாபம் அவ்வளவு அதிகமாகத் தெரியும்.

எந்த விலையில் வெளியே போனது?

ஒரே பொருளை வெவ்வேறு விலையில் வாங்கியிருந்தால் எது விற்றது, எது மிஞ்சியது என்ற கேள்வி வரும். ஒன்றுக்கொன்று மாற்ற முடியாத பொருள்களுக்கும், குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே ஒதுக்கியவற்றுக்கும் அதனதன் அடக்கவிலையையே எடுக்கவேண்டும். மற்றவற்றுக்கு இரண்டே வழி: முதலில் வந்தது முதலில் போகும் முறை, எடையிட்ட சராசரி முறை. ஒரே தன்மையும் ஒரே பயன்பாடும் உள்ள சரக்குக்கு ஒரே முறையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருப்பேட்டில் ஒரு பக்கம் பார்ப்போம். ஆரம்பத்தில் 100 அலகு, தலா 10. பிறகு 300 வாங்குகிறோம், தலா 12. 300 வெளியே போகிறது. மறுபடி 100 வாங்குகிறோம், தலா 14.50. 120 வெளியே போகிறது. மிச்சம் 80. உள்ளே வந்தது மொத்தம் 500 அலகு, 6,050 மதிப்பு.

முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மிஞ்சிய 80-ம் கடைசியாக வாங்கியதிலிருந்து, ஆக 1,160. நகரும் சராசரியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் புதுச் சராசரி பிடிக்கவேண்டும். முதல் கொள்முதலுக்குப் பின் 400 அலகு, 4,600, சராசரி 11.50. 300 போனபின் மிச்சம் 100, மதிப்பு 1,150. அதோடு 1,450 சேர்ந்தால் 200 அலகு, 2,600, சராசரி 13. கடைசியில் 80 அலகு 1,040. காலம் முழுவதுக்கும் ஒரே சராசரி எடுத்தால் 6,050 வகுத்தல் 500, அதாவது 12.10, இருப்பு 968. சராசரி எடுக்கும் நேரம் மாறியதாலேயே 72 வித்தியாசம் வந்துவிட்டது. ஆகவே 'சராசரி முறை' என்று கேள்வியில் பார்த்ததும், தொடர் இருப்புக் கணக்கா, கால முடிவுக் கணக்கா என்று முதலில் தேடுங்கள்.

கடைசியில் வந்தது முதலில் போகும் முறையில் இதே 80 அலகு 10 விலையில் நின்று 800 ஆகும். விலை ஏறும் காலத்தில் இருப்பு பழைய விலையிலேயே உறைந்து, லாபமும் வரியும் குறைந்து தெரியும். 2003 திருத்தம் இந்த முறையை நீக்கிவிட்டது. அமெரிக்காவில் அங்குள்ள கணக்கியல் விதியும் வரிச் சட்டமும் இன்னும் அனுமதிக்கின்றன. ஆனால் வரிக்கு அதை எடுத்தால் பங்குதாரருக்குக் காட்டும் லாபத்தையும் அதே முறையில்தான் கணக்கிடவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வரி அலுவலகத்திடம் குறைந்த லாபம், பங்குதாரரிடம் அதிக லாபம் என்று இரட்டை வேடம் போட முடியாது. ஐஏஎஸ் அடிப்படையில் விடை எழுதச் சொல்லியிருந்தால் இந்த முறையைத் தொடவேண்டாம்.

திட்ட அடக்கவிலை முறை (முன்கூட்டியே கணித்து வைத்த செலவில் எழுதுவது), சில்லறை விலை முறை (விற்பனை விலையிலிருந்து லாப விகிதத்தைக் கழித்து அடக்கவிலையைக் கண்டுபிடிப்பது) இரண்டையும், விடை உண்மையான அடக்கவிலைக்குப் பக்கத்தில் வந்தால் பயன்படுத்தலாம்.

எது குறைவோ அது

நிகரத் தேறுமதிப்பைச் சந்தை விலை என்று எழுதுபவர்கள் நிறைய. வழக்கமான வியாபாரத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் விற்பனை விலையிலிருந்து, பொருளை முடிக்க ஆகும் செலவையும் விற்க ஆகும் செலவையும் கழித்ததுதான் அது. விலை 60, முடிக்க 8, விற்க 5 என்றால் 47. அடக்கவிலை 50 என்றால் 3 குறைத்து எழுதவேண்டும்.

ஒப்பிடும்போது பொருள் பொருளாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்று பொருள்களின் அடக்கவிலை 500, 400, 300. தேறுமதிப்பு 620, 340, 310. கூட்டிப் பார்த்தால் 1,200-க்கு எதிரே 1,270, குறைப்பே வேண்டாம் போலத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் 500, 340, 300, மொத்தம் 1,140. இன்னும் விற்காத முதல் பொருளின் லாபத்தை வைத்து இரண்டாவதின் 60 நட்டத்தை மறைக்கக்கூடாது.

மூலப்பொருளுக்கு வந்தால் வேகமாகப் போடுபவர்கள் தடுக்கி விழுவார்கள். அடக்கவிலை 20, இன்று வாங்கினால் 16. உடனே 16 என்று எழுதிவிடக்கூடாது. அந்த மூலப்பொருளால் செய்யும் முடிந்த பொருள் அதன் அடக்கவிலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால் மூலப்பொருள் 20-லேயே நிற்கும். அதை அப்படியே விற்கப் போவதில்லையே. விலை வீழ்ச்சியால் முடிந்த பொருளே நட்டத்தில்தான் போகும் என்றால்தான் குறைப்பு வரும், அப்போது மறுகொள்முதல் விலையான 16-ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

குறைத்து எழுதிய சரக்கு அடுத்த ஆண்டும் இருப்பில் கிடந்து, தேறுமதிப்பு ஏறியிருந்தால் குறைப்பைத் திரும்ப எடுக்கவேண்டும், பழைய அடக்கவிலை வரைக்கும் மட்டும். 47 ஆக்கிய பொருள் இப்போது 55 தேறும் என்றாலும் 50-க்கு மேல் போகாது.

ஒப்பந்தம் உள்ள சரக்கில் இன்னொரு திருப்பம். இருப்பில் 100 அலகு, அடக்கவிலை தலா 50. அதில் 60 அலகை 58-க்குத் தருவதாக உறுதியான ஒப்பந்தம். மீதிக்குச் சந்தையில் 46 கிடைக்கும். விற்பனைச் செலவு எதற்கும் தலா 2. ஒப்பந்த 60-க்குத் தேறுமதிப்பு 56, ஆகவே 50-லேயே நிற்கும், 3,000. மீதி 40-க்கு 44, ஆக 1,760. மொத்தம் 4,760. விடைத்தாளில் இரண்டையும் தனித்தனி வரியில் காட்டிவிட்டு மொத்தம் போடுங்கள். 240 குறைப்பு எந்த 40 அலகில் விழுந்தது என்று திருத்துபவருக்குத் தெரிந்தால்தான் அந்த வரிக்கு மதிப்பெண் போடுவார்.