குதிரைக்கு மூட்டு ஊசி: எப்போது போடலாம்?

தடை தாண்டும் போட்டிக் குதிரைகளில் மூட்டு வலி பெரும்பாலும் மெல்லத்தான் வெளியே தெரியும். தடைக்கு முன் தயங்கும், தாண்டும்போது ஒரு பக்கம் சாயும், பின்குளம்பின் நுனியை மண்ணில் உரசிக்கொண்டே போகும். உடனே ஹாக் மூட்டில் (பின்னங்காலின் கணுக்கால் மூட்டு) ஊசி போடச் சொல்வார்கள். சில லாயங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாள் குறித்தே போடுகிறார்கள். வலி எங்கே என்று தெரியாமல் இப்படிப் போடக் கூடாது.

மூட்டின் உட்சவ்வு அழற்சி கண்டால் அங்கே சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பை அரிக்கும்; வழவழப்பான மூட்டுநீரும் நீர்த்துவிடும். ஊசியில் போடும் ஸ்டீராய்டு அடக்குவது இந்த அழற்சியை. வலி குளம்பிலோ தசைநாரிலோ இருந்தால் மூட்டில் போட்ட மருந்தால் பயனில்லை.

முதலில் கெட்டித் தரையில் நேராகவும், நீளக் கயிற்றில் இருபுறமும் வட்டமாகவும் ட்ராட் எனும் மிதமான ஓட்டத்தில் ஓடவிட வேண்டும். பிறகு பின்னங்காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடுவார்கள். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஹாக்கை மடக்கினால் மேலுள்ள ஸ்டைஃபிள் எனும் முழங்கால் மூட்டும் கூடவே மடங்கும். நல்ல குதிரையும் நாலடி நொண்டலாம்.

மரத்துப்போகும் ஊசிதான் இடத்தைக் காட்டும். ஹாக்கின் அடிமூட்டில், காலின் வெளிப்புறப் பின்பக்கமாக ஊசியை இறக்கி, மரக்க வைக்கும் மருந்தான 2% மெபிவகெய்ன் 3 முதல் 5 மி.லி. செலுத்தி, 10 நிமிடத்தில் ஓடவிடலாம். தாமதித்தால் மருந்து பரவி, அருகில் காலைப் பின்னிருந்து தாங்கும் சஸ்பென்சரி தசைநாரின் மேல்முனையும் மரத்துவிடும். தசைநார்க் காயம் மூட்டு வலியாகத் தோன்றும். சந்தேகம் இருந்தால் அங்கே அல்ட்ராசவுண்ட் அவசியம். இரு ஹாக்கிலும் வலியுள்ள குதிரை நொண்டாமல் அடியை மட்டும் குறுக்கலாம். ஒரு காலை மரக்க வைத்ததும் மறுகால் நொண்டத் தொடங்கும்.

நொண்டல் தெளிவாகக் குறைந்து, எக்ஸ்ரேயும் ஒத்துப்போனால் ஸ்டீராய்டு ஊசி போடலாம். அசைவு அதிகமுள்ள மூட்டுகளுக்கு டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு குருத்தெலும்பைக் கெடுக்கும் என்பதால் அங்கே தவிர்ப்பது நல்லது. பருத்த, இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்கு ஸ்டீராய்டால் குளம்பழற்சி வரும் அபாயம் உண்டு. ரத்தப் பரிசோதனை முதலில். ஊசிக்குப் பின் கால் ஊன்ற மறுத்து மூட்டு வீங்கினால் கிருமித் தொற்று என்றே கருதி, அன்றே மூட்டைக் கழுவ ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் இந்த அறிகுறிகள் சில நாள் தள்ளியும் வரலாம்.

அமெரிக்காவின் பெரும்பாலான த்ரோப்ரெட் இனக் குதிரைப் பந்தயங்களில் மூட்டு ஊசிக்கும் ஓட்டத்துக்கும் குறைந்தது 14 நாள் இடைவெளி கட்டாயம். வலி மறைந்த மூட்டை முழு வேகத்தில் ஓடவிட்டால் எலும்பே முறியலாம். போன முறை பல மாதம் தாங்கிய ஊசி இம்முறை சில வாரத்தில் தோற்றால், மறுபடி போடாதீர்கள். சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.