குதிகால் நாணும் கொழுந்து இலையும்

பாலக்கோடு பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. போன ஆண்டு தலையில் இலைக்கட்டோடு வாய்க்காலைத் தாண்டினார். குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்ததாம். திட்டுவதற்கு வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. குதிகால் நாண் அறுந்தவர்கள் பலரும் இதையேதான் சொல்வார்கள் என்றார் மருத்துவர். சித்தப்பாவைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். நல்ல காலாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அவர் பாதம் அசையவில்லை.

ஊர் முழுக்க “நரம்பு அறுந்துவிட்டது” என்றே பேச்சு. நரம்பு செய்தி கடத்துவது. இது தசையை எலும்போடு கட்டி இழுக்கும் கயிறு; பெயர் தசைநாண். ஆட்டுக்கால் வெட்டும்போது கத்திக்கு வழுக்கிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிற பட்டை அதுதான்.

விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்படி வைத்தால் அறுந்த இரு முனைகளும் நெருங்கி வரும். மூன்றாம் நாளே ஒரு உறவினர் வேறு யோசனையோடு வந்தார். சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதிலுள்ள ‘வளர்ச்சிக் காரணி’யை ஊசியாகப் போட்டால் நாண் சீக்கிரம் கூடிவிடுமாம். செலவு, ஒரு முறை பட்டுப்புழு வளர்த்தால் கையில் மிஞ்சுகிற பணம். அறிவியல் படித்த ஒரே குற்றத்துக்காகச் சித்தப்பா என்னைக் கேட்டார்.

உறவினர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை விளக்கத்தான் நேரம் பிடித்தது.

தசைநாணில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம்தான். அதன் இழைகள் இழுவிசை வரும் திசையிலேயே ஒன்றையொன்று ஒட்டி, நேர்வரிசையாகக் கிடக்கும். செல்கள் கொஞ்சம், ரத்தக்குழாய்கள் அதைவிடக் கொஞ்சம். குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே ரத்த ஓட்டம் மிகவும் மெலிந்திருக்கும். பெரும்பாலும் அறுவதும் அங்கேதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. அது பயிர் வழியாக உணவில் புகுந்து, உடம்பில் அன்றன்று உருவான திசுக்களில் தங்கியது. டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிகால் நாணில் அந்தக் கார்பனை அளந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது. அதன் பிறகு உடம்பு அதைப் புதுப்பிப்பதே இல்லை எனலாம். சித்தப்பாவுக்கு 52 வயது. அறுந்தது அவருடைய பள்ளிக்கூடக் காலத்துக் கயிறு.

பழுது பார்க்கும் பழக்கமே இல்லாத இந்த இடத்தில் திடீரென்று வேலை தொடங்க வேண்டும். அதற்கான கட்டளைதான் வளர்ச்சிக் காரணி. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு புரதம் அது. செல்லுக்குள் நுழையாது, மேற்பரப்பில் தனக்கென உள்ள ஏற்பியில் வந்து உட்காரும். உள்ளே அடுத்தடுத்த புரதங்கள் கைமாற்றி, செய்தி உட்கருவைச் சேரும். அங்கே சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். இத்தகைய புரதங்களை முதலில் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோகனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அறுந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அதிலுள்ள தட்டணுக்கள் தம் பைகளைத் திறந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. சுற்றியுள்ள செல்கள் அந்த அழைப்புக்கு வந்து கூடுகின்றன. பிறகு ஐ.ஜி.எஃப்-1 என்ற காரணி செல்களைப் பெருக்கிக் கொலாஜன் சுரக்கச் சொல்கிறது, வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொன்று புது ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது. சில வாரங்களில் இடைவெளி நிரம்பிவிடும். ஆனால் நிரப்புவது மெல்லிய, மூன்றாம் வகைக் கொலாஜன். அதுவும் வைக்கோல் போர்போலத் தாறுமாறாக. அது முதல் வகைக் கொலாஜனாக மாறி, வரிசைக்கு வர மாதங்கள் ஆகும்; ஓராண்டைத் தாண்டியும் போகும். பழைய நாண் அப்படியே திரும்புவதில்லை.

அப்படியென்றால் அந்தச் சரக்கையே வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. பதிலை அவர் கொட்டகையிலிருந்தே எடுத்தேன். முதல் இரண்டு பருவத்துப் புழுவுக்குக் கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கித்தான் போடுகிறோம். கடைசிப் பருவத்துக்கு முற்றிய இலை, தண்டோடு. இரண்டும் மல்பெரிதான். ஆனால் இளம்புழுவுக்கு முற்றல் இலையைப் போட்டால் கடிக்காது; கடைசிப் பருவத்துக்குக் கொழுந்தையே போட்டுக்கொண்டிருந்தால் கூடு தேறாது. நாண் ஆறுவதும் இப்படித்தான்: எந்தக் காரணி, எந்த நாளில், எவ்வளவு என்பதுதான் கணக்கு. டி.ஜி.எஃப்-பீட்டா 1 மிகுந்தால் தழும்பு தடிக்கும். விரல் நாண்களில் இது பெரிய தொல்லை. நாண் தன் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. அதனால் அந்த ஒரு காரணியைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

உறவினர் சொன்ன ஊசிக்குப் பி.ஆர்.பி. என்று பெயர். ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களை மட்டும் செறிவாக்கிச் செலுத்துவது. தட்டணுக்களில் இருக்கும் எல்லாக் காரணிகளும் ஒரே நாளில், ஒரே ஊசியில் இறங்குகின்றன. கொழுந்தும் முற்றலும் கலந்து கொட்டுவதுபோல. தனியாகப் பிரித்த காரணியைச் செலுத்தினாலும் சிக்கல் தீராது. உடம்புக்குள் அது வெகுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை, நாண் ஆற மாதங்கள் வேண்டும்.

பிரிட்டனில் குதிகால் நாண் அறுந்த 230 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் அறுவை இல்லாத சிகிச்சைதான். பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி. ஊசி, மீதிப் பேருக்கு வெறும் ஊசிக்குத்து. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 24 வாரம் கழித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்கச் சொல்லி அளந்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அறுந்த நாணுக்கு இதைவிட நேரடியான சோதனையை நான் பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் பணத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதற்காக இந்தத் துறை முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். காரணியைத் தையல் நூலில் பூசியும், கொலாஜன் பஞ்சில் ஏற்றியும் சிறுகச் சிறுகக் கசியவிடும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. எனக்குப் பிடித்தது பட்டு. 2002-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு, பட்டுநூலின் பசையான செரிசினை நீக்கி, மிஞ்சிய ஃபைப்ராயின் இழையைக் கயிறாக முறுக்கி, எலும்பை எலும்போடு கட்டும் முழங்கால் இணைப்புநாணுக்கான சட்டகமாக முன்வைத்தது. பசையை விட்டுவைத்தால் உடம்பு எதிர்க்கும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்றுவிட்டுக் கிலோவுக்கு என்ன விலை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா, இதைக் கேட்டு ஒரு முழு நிமிடம் பேசாமல் இருந்தார்.

காசில்லாத கட்டளை ஒன்றும் உண்டு: இழுவிசை. நாண் செல்கள் இழுபடும்போது வளர்ச்சிக் காரணிகளைத் தாமே சுரக்கின்றன. புதுக் கொலாஜன் எந்தத் திசையில் படுக்க வேண்டும் என்பதையும் இழுப்புதான் சொல்கிறது. ஊசியால் திசை சொல்ல முடியாது. அவசரப்பட்டால் கூடியது மறுபடி அறும்; பயந்து அசையாமலே கிடந்தால் வைக்கோல் போர் வைக்கோல் போராகவே இருக்கும். எனவே எப்போது, எவ்வளவு சுமை என்பதை இயன்முறை மருத்துவர் வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது சித்தப்பா காலையில் புழுக்களுக்கு இலை போட்ட பிறகு, கொட்டகை வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குகிறார். நல்ல காலில் 20 முறை. அறுந்த காலில் போன வாரம் 11.