நரிக்கதை எல்லாம் ஒன்றல்ல: யூதப் பிள்ளைகளின் நூலகத்துக்கு விலங்குக் கதை தேர்ந்தெடுக்கும்போது

விலங்குக் கதை என்றால் வம்பில்லாத புத்தகம் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. புரட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கி நன்கொடைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அட்டையில் நாலு முயல், உள்ளே 'பகிர்ந்து உண்', கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள்.

அமெரிக்காவில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் யூதரல்ல. அதனாலேயே ஒவ்வொரு புத்தகத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டியிருக்கிறது. நற்குணங்களை இங்கே 'மிதோத்' என்கிறார்கள். இரக்கம், பொறுமை, நாவடக்கம் எல்லாம் அதில் அடக்கம். அட்டையில் அந்தச் சொல் அச்சாகியிருந்தால் பெற்றோர் நம்பி எடுக்கிறார்கள். ஆனால் கதைக்குள் அந்தக் குணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சில புத்தகங்கள் முதல் புரட்டிலேயே விழுந்துவிடும். கரடிக் குடும்பம் பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கும், அல்லது கதை கிறிஸ்துமஸ் மரத்தடியில் முடியும். பொது நூலகத்தில் அவை இருக்கட்டும், எங்களுக்கு வேண்டாம். பன்றி, பூனை, கரடி போன்ற விலங்குகளின் படங்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். கோஷர் அல்லாத, அதாவது யூத உணவு விதிப்படி உண்ணக் கூடாத விலங்குகளின் பொம்மைகளும் படங்களும் சின்னக் குழந்தைகளைச் சுற்றி இருக்க வேண்டாம் என்று சபாத் என்ற மரபுவழி யூத இயக்கத்தின் தலைவரான ரெபி 1980களில் சொன்னார். அந்த இயக்கத்துக் குடும்பங்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. சீர்திருத்தப் பிரிவுக் குடும்பங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதே நேரம், யூத முன்னோர் மொழிகளில் புகழ்பெற்ற ஒரு வரி சிறுத்தையைப் போலத் துணிவாய், கழுகைப் போல இலகுவாய், மானைப் போல வேகமாய், சிங்கத்தைப் போல வலிமையாய் இரு என்கிறது. நான்கில் மான் மட்டும்தான் கோஷர்! அந்த நான்கையும் தொழுகைக்கூடச் சுவர்களிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பொதுவிதி கிடையாது. உங்கள் சமூகத்து ரப்பியிடம், அதாவது சமய குருவிடம் கேட்டு, நூல் தேர்வுக் கொள்கையில் எழுதி வைத்துவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். விலங்குக் கதையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் விலங்கு மனிதனின் முகமூடி. மற்றதில் விலங்கு விலங்காகவே இருக்கிறது. அதை மனிதன் எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அவன் குணம் தெரிகிறது. யூத மரபில் இரண்டும் உண்டு. கடைகளில் கிடைக்கும் மிதோத் புத்தகங்களிலோ முதல் வகைதான் குவிந்து கிடக்கிறது.

முகமூடிக் கதைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரப்பி மெயிரிடம் முந்நூறு நரிக்கதைகள் இருந்தன, நமக்குக் கிடைத்தவை மூன்றுதான் என்று யூதச் சட்டமும் விவாதமும் கதையும் அடங்கிய பழைய நூலான தல்மூத் வருத்தப்படுகிறது. இடைக்காலத்தில் பெரக்கியா என்பவர் எபிரேயத்தில் நரிக்கதைகள் என்றே ஒரு தொகுதி எழுதினார். 1281இல் ஸ்பெயினில் இசாக் இப்னு சஹுலா, அயலார் கதைகளில் மயங்கிக் கிடந்த வாசகரை எபிரேயத்துக்கு இழுக்க ஒரு கதைநூல் செய்தார். அதில் விலங்குகள் யூதரின் வேதமான தோராவை மேற்கோள் காட்டி வாதாடும். நம் பஞ்சதந்திரமும் இந்த வழியாகப் போயிருக்கிறது. அரபியிலிருந்து எபிரேயத்துக்குப் போய், அந்த எபிரேயத்திலிருந்து யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான கப்புவா ஊர் ஜான் 13ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு அது அங்கிருந்துதான் பரவியது.

ஆனால் இந்த வகையை எடுக்கும்போது கதை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழங்கால யூத அறிஞர் ரப்பி அகிவாவின் நரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமர்கள் தோரா படிப்பதற்குத் தடை போட்ட காலம். அகிவா கூட்டம் கூட்டி வெளிப்படையாகக் கற்பிக்கிறார். பயமாயில்லையா என்று ஒருவர் கேட்க, அவர் சொன்ன கதை இது. வலைக்குப் பயந்து மீன்கள் அங்குமிங்கும் ஓடுகின்றன. கரையில் நின்ற நரி, "மேலே வந்துவிடுங்கள், சேர்ந்து வாழலாம்" என்கிறது. மீன்கள் சொல்கின்றன: "விலங்குகளிலேயே புத்திசாலி என்று உன்னையா சொல்கிறார்கள்? நாங்கள் வாழும் இடத்திலேயே இவ்வளவு பயம் என்றால், சாகும் இடத்தில் எப்படி இருக்கும்?" தண்ணீர்தான் தோரா. படப்புத்தகமாக்குகிறவர் ரோமரின் தடையை வெட்டிவிட்டால் 'முன்பின் தெரியாதவரை நம்பாதே' என்பதுதான் மிஞ்சும். அப்படிப்பட்ட பிரதியை நான் எடுப்பதில்லை.

நரி என்றாலே வஞ்சகம், ஓநாய் என்றாலே பேராசை என்று இனத்துக்கு இனம் குணத்தை ஒட்டிவிடும் புத்தகங்களில் இன்னும் கவனம் தேவை. காரணம் இருக்கிறது. 1936இல் நியூரம்பர்க்கில் நாஜிப் பதிப்பகம் ஒன்று குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம் போட்டது. நரியையும் நம்பாதே, யூதன் சத்தியத்தையும் நம்பாதே என்பதுதான் அதன் தலைப்பு. 1940இல் அதே பதிப்பகத்திலிருந்து விலங்குக் கதைத் தொகுதி ஒன்றும் வந்தது. ஒவ்வொரு கதையிலும் வெறுக்கத்தக்க ஒரு பிராணி, கடைசியில் 'யூதரும் இப்படித்தான்'. இதைத் தெரிந்துகொண்டவர், பேராசைக்கார ஓநாய்க்கு வளைந்த மூக்கும் காசுப்பையும் வரைந்த பழைய படங்களைச் சும்மா தாண்டிப் போக மாட்டார். படம் வரைந்தவர் அறியாமல் எங்கிருந்தோ எடுத்ததாகக்கூட இருக்கலாம். பிள்ளை கையில் போவது படம்தானே.

இரண்டாம் வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கன்றுக்குட்டியின் கதை. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்ட நூலைத் தொகுத்த ரப்பி யெகூதாவிடம், வெட்டுவதற்குக் கொண்டுபோன கன்று ஒன்று ஓடிவந்து அவர் ஆடைக்குள் தலையைப் புதைத்து அழுதது. "போ, இதற்காகத்தானே படைக்கப்பட்டாய்" என்றார். இவர் இரங்கவில்லை, இவருக்கு வலி வரட்டும் என்று விண்ணில் தீர்ப்பாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் நோயில் கிடந்தார். ஒருநாள் வேலைக்காரப் பெண் வீடு பெருக்கும்போது மரநாய்க் குட்டிகளைச் சேர்த்து வாரித் தள்ளப் பார்த்தாள். "விட்டுவிடு, கடவுளின் இரக்கம் அவர் படைத்த எல்லாவற்றின் மேலும் உண்டு என்று எழுதியிருக்கிறதே" என்றார். வலி போயிற்று.

கன்றிடம் அவர் சொன்னது சட்டப்படி தப்பில்லை, இறைச்சி உண்ணும் சமூகம்தான். அப்படியானால் அவர் செய்த குற்றம் என்ன? எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டே தீருவார்கள், வாதாடுவார்கள். கன்று தப்பித்துப் பண்ணையில் சுகமாக வாழ்ந்தது என்று மாற்றி எழுதிய பிரதி வந்தால் அந்தக் கேள்வியே போய்விடும். ஐந்து வயதுக்கு இந்தக் கதை வேண்டாம், அவ்வளவுதான்.

சின்னவர்களுக்கு வேறு இருக்கின்றன. தோராவில் ஒட்டகங்களுக்கு நீர் இறைத்த ரெபெக்கா. ஓடிப்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப்போய், அது தண்ணீர் குடிப்பதைக் கண்டு, "தாகம் என்று தெரியாமல் போயிற்றே, களைத்திருப்பாய்" என்று தோளில் தூக்கிவந்த மோசே. இந்தக் கதையில் குட்டியைச் 'சொல் கேளாத குட்டி' என்று திட்டும் பதிப்பு வந்தால் கீழே வையுங்கள். வளர்ப்புப் பிராணிக்குத் தீனி போட்ட பிறகே நீ சாப்பிட வேண்டும் என்ற தல்மூத் விதியை வைத்து எழுதிய கதைகளும் நன்றாக எடுபடும். வீட்டில் நாயோ மீன்தொட்டியோ இருக்கும் பிள்ளை அன்றைக்கே செய்து பார்க்கும். தோரா கிடைத்திராவிட்டால் பூனையிடம் நாணம் கற்றிருப்போம் என்ற தல்மூத் வரியையும் வாசித்துக் காட்டலாம். பூனை எதை மூடுகிறது என்று விளக்கும்போது வகுப்பு அடங்க நேரமாகும், அதற்குத் தயாராக இருங்கள்.

அடுக்கும் இடமும் கணக்கில் வரும். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி பகுப்பில் அகிவாவின் நரியை 398.2இல் நாட்டார் கதைகளோடு வைத்தால் ஈசாப்போடு சேர்ந்துவிடும், 296இல் வைத்தால் யூத சமயத்தோடு. நான் 296இல்தான் வைக்கிறேன்.

நன்கொடை தர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஜே லைப்ரரி என்ற திட்டம் 2005 முதல் யூதக் குழந்தைகளின் வீட்டுக்கே இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறது. அதில் வந்த படப்புத்தகங்கள் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும், எங்களுக்கும் மூன்று நான்கு பிரதிகள் வந்துவிடுகின்றன. எங்களிடம் குறைவாக இருப்பது எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கான, கதையை வெட்டாமல் சொல்லும் தொகுப்புகள். வாங்கும் முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.