ஆர்கானிக் ஆப்பிளிலும் சீனி இருக்கிறது

தீபாவளி நெருங்கினாலே எங்கள் கிளினிக்கில் இந்தக் கதை ஆரம்பமாகிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் காட்டில் உழைத்தவர்கள். அண்மையில் ஒரு பாட்டிக்கு இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "நான் சீனியே தொடறதில்ல மிஸ்ஸி. மக ஆர்கானிக் ஆப்பிள் வாங்கித் தர்றா. காலையும் சாயங்காலமும் அந்த ஜூஸ்தான்" என்றார். மாத்திரையையும் பாதியாகக் குறைத்துவிட்டாராம், ஆர்கானிக் சாப்பிடுகிறோமே என்று. இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! மனசு தாங்காமல்தான் எழுதுகிறேன்.

ஆர்கானிக் என்பது பழத்தை எப்படி விளைவித்தார்கள் என்பதைச் சொல்கிறது. பழத்துக்குள் எவ்வளவு சீனி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்றில், ஏறக்குறைய 180 கிராம் எடையில், சுமார் 19 கிராம் சீனி இருக்கும். கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி. இரசாயன உரம் போட்ட மரத்துப் பழத்திலும் அதே கணக்குதான், மாட்டுச்சாணம் போட்ட மரத்துப் பழத்திலும் அதே கணக்குதான். விலை மூன்று மடங்கு என்பதற்காகச் சீனி மூன்றில் ஒரு பங்காகக் குறையாது. "இயற்கைச் சீனி ஒன்றும் செய்யாது" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூன்று பழத்தைப் பிழிந்து, சக்கையைக் கொட்டிவிட்டு, சாற்றை மட்டும் ஒரே மூச்சில் குடித்தால் சீனி ஏறாமல் என்ன செய்யும்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் இதை அசட்டையாக விட முடியாது.

ஆப்பிள் கெட்ட பழம் இல்லை. தோலோடு கடித்துத் தின்றால் நல்ல பழம். வட நாடுகளில் இலையுதிர் காலமான செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் முக்கிய அறுவடை. சீனாவின் புஜி ஆப்பிள் அக்டோபரில் பறிக்கப்படுகிறது. அதனால் வருடக் கடைசியில் நம் பேரங்காடிகளில் புதுப் பழம் கிடைக்கும். மற்ற மாதங்களில் குளிர்க்கிடங்கில் பல மாதம் இருந்த பழமாகவும் இருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை, ருசியும் மொறுமொறுப்பும்தான் கொஞ்சம் குறையும்.

வாங்கும்போது சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். காம்புக் குழியைச் சுற்றியுள்ள அடிநிறத்தைப் பாருங்கள். புஜி, காலா வகைகளில் அது வெளிர்மஞ்சளாகத் திரும்பியிருந்தால் பழம் நன்றாக விளைந்திருக்கிறது. கையில் கனக்க வேண்டும், விரலுக்கு அமுங்கக் கூடாது.

அப்புறம் பழத்தின் மேல் எண்ணோடு இருக்கும் அந்த ஒட்டுத்தாள். நான்கு இலக்கம் இருந்தால் சாதாரணப் பழம். ஐந்து இலக்கமாகி 9-இல் தொடங்கினால் ஆர்கானிக். பெரிய புஜிக்கு 4131, அதே பழம் ஆர்கானிக் என்றால் 94131. ஆனால் இது கல்லாவில் விலை போடுவதற்கான எண், தரச் சான்றிதழ் அல்ல. சந்தேகம் இருந்தால் பெட்டியில் சான்றிதழ் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது "கேமரன் மலை ஆர்கானிக் ஆப்பிள்" என்று விற்றால் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். ஆப்பிள் மரம் ஒழுங்காகக் காய்க்க நீண்ட குளிர்காலம் வேண்டும். இங்கே விற்கிற ஆப்பிள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதுதான்.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிப்பதில்லை என்பதும் தவறு. கந்தகம், செம்புக் கலவை போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. ஆகவே எந்தப் பழமானாலும் கழுவுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும். 2017இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில் தோலின் மேலிருந்த ஒரு பூச்சி மருந்தும் ஒரு பூஞ்சை மருந்தும் இப்படி நீங்கின. சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள், தயவுசெய்து.

இனிப்புநீர் உள்ளவர்கள் ஒரு வேளைக்குச் சின்னப் பழம் ஒன்று அல்லது பெரியதில் பாதி சாப்பிடலாம். கூடவே ஒரு பிடி வேர்க்கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். கையைக் கடிக்கிற விலையென்றால் ஆர்கானிக்கை விட்டுவிடுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் கொய்யாவில் ஆப்பிளைவிட இரண்டு மடங்கு நார்ச்சத்து இருக்கிறது. ஜூஸ் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சீனி இறங்கிப் படபடத்தால் மட்டும் அரைக் கப் ஜூஸ் உடனே கொடுக்கலாம். அந்த நேரத்தில் முழுப் பழம் உதவாது.

பிள்ளைகளே, அம்மாவுக்குப் பழம் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். கூடவே மாத்திரைப் பையையும் ஒருதரம் திறந்து பாருங்கள். அளவைக் குறைக்க நினைத்தால் முதலில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். பழத்தையும் எடுத்து வாருங்கள், எத்தனை துண்டு சாப்பிடலாம் என்று அங்கேயே வெட்டிக் காட்டுகிறேன்.